பாலையாவின் மிதப்பு

அனந்தபுரம், செஞ்சி, விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழா பார்த்தவர்களுக்கு இரண்டு துரியோதனன்களைத் தெரியும். ராத்திரிக் கூத்தில் வருகிறவன் ஒருத்தன். ஆட்கள் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் சலங்கை கேட்கும், அப்புறம் ஆள் தெரியும். கிரீடமும் புஜகீர்த்தியும் சேர்ந்து ஆளை ஒன்றரை ஆளாக்கி வைத்திருக்கும். நீ யாரப்பா என்று கட்டியக்காரன் கேட்டுவிட்டால் போதும், தன் பெருமையைத் தானே சொல்லி முடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆகும். மற்றவன் படுகளத்தன்று வெட்டவெளியில் மண்ணால் செய்த பெரிய உருவமாக மல்லாந்து கிடப்பவன். தொடையில் அடி விழும், திரௌபதி கூந்தல் முடிப்பாள், செத்தவனுக்காக ஒப்பாரியும் எழும். ஆல்ஃப் ஹில்ட்டபைட்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் திரௌபதி வழிபாட்டைப் பற்றிய தன் பெரிய ஆய்வைச் செஞ்சியை மையமாக வைத்துத்தான் எழுதினார். அந்த வழிபாட்டின் மூலக்கோயில் என்று பலரும் சொல்வது செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரியை. இங்கே வளர்ந்த ஒருவருக்கு வில்லன் என்பவன் யார் என்று சினிமா வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. நேற்று ராத்திரி மார்தட்டியவனும் இன்று மண்ணாகக் கிடப்பவனும் ஒரே ஆள் என்பதும், முதலாவதைப் பார்த்து மிரண்டவர்களே இரண்டாவதைப் பார்த்து இரங்குவார்கள் என்பதும் அவருக்குப் பழகிய சங்கதி.

தமிழ் சினிமாவில் இந்த இரண்டு பேரையும் ஒரே உடம்பில் வைத்திருந்தவர் டி.எஸ். பாலையா. ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக்காரர், பிறந்தது 1914-ல். நாடகத்திலிருந்து 1936-ல் ‘சதி லீலாவதி’ படத்துக்கு வந்து, 1972-ல் இறக்கும்வரை சினிமாவை விடாதவர். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக அவரை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். முப்பதுகளிலிருந்து ஐம்பதுகள் வரை ஒரு வில்லன் பாலையா, 1964-ல் ‘காதலிக்க நேரமில்லை’ வந்ததற்கு அப்புறம் ஒரு சிரிப்புப் பாலையா. வயசாகி, உடம்பு கனத்து, கத்திச்சண்டைக்கு ஆகாமல் போனதும் நகைச்சுவைக்குத் தாவினார் என்று ஒரு கதையும் கூடவே சொல்லப்படும். இந்தப் பாகப்பிரிவினை செல்லாது என்பதுதான் என் கட்சி. முப்பத்தாறு வருஷமும் அவர் பெரும்பாலும் நடித்தது ஒரே ஆளைத்தான். தன் தகுதிக்குச் சற்று மேலாகவே தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கும் ஆள் அவர். பேச்சு வழக்கில் இதற்கு மிதப்பு என்று அழகான சொல் இருக்கிறது. அந்த மிதப்பின் கையில் அதிகாரம் சிக்கினால் வில்லன். அதே மிதப்புக்குக் கல்யாண வயசில் இரண்டு பெண்களும், சினிமா எடுக்கிறேன் என்று திரியும் ஒரு பிள்ளையும் வாய்த்தால் நகைச்சுவை.

பாலையா போன்றவர்களைத் தமிழில் குணச்சித்திர நடிகர் என்கிறோம். குணத்தைச் சித்திரமாகத் தீட்டுகிறவர். ஹாலிவுட்டில் துணை நடிகர் என்று ஒரு வகை பிரித்து ஆஸ்கர் தர ஆரம்பித்தது, தற்செயலாக, 1936-ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான். வால்டர் பிரென்னன் என்பவர் முதல் பரிசை வாங்கினார். அதாவது பாலையா திரையில் கால்வைத்த அதே வருஷத்துப் படங்களுக்கு. துணை என்ற சொல்லில் கதாநாயகனுக்கு முட்டுக்கொடுக்கிறவர் என்ற அர்த்தம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குணச்சித்திரம் என்ற நம் சொல்லில் அந்தக் குறை இல்லை. ஆனால் சொல்லை உயர்வாக வைத்துக்கொண்டு ஆளைத் துணையாகத்தான் நடத்தினோம் என்பதும் உண்மை. கதாநாயகர்களுக்கு மன்றங்கள் வைத்தோம். இவர்களுக்கு ‘இவரும் நல்லா பண்ணியிருப்பார்’ என்ற ஒரு வரி.

‘சதி லீலாவதி’ எஸ்.எஸ். வாசன் எழுதிய கதை. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். அவருக்கு அதுதான் முதல் தமிழ்ப் படம், தமிழ் தெரியாது. எம்.கே. ராதா கதாநாயகன். என்.எஸ். கிருஷ்ணனும் நடித்த இந்தப் படத்தில்தான் எம்.ஜி.ஆர். அறிமுகமானார். எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வேஷம். கதாநாயகனாவதற்கு அவர் 1947 வரை, ‘ராஜகுமாரி’ வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. பாலையாவுக்கோ இருபத்தோரு வயசில், முதல் படத்திலேயே முக்கிய வில்லன் வேஷம் வந்தது. கதாநாயகனுக்குக் குடியைப் பழக்கி, குடும்பத்தைக் கெடுத்து, அவன் மனைவி மேலேயே கண்வைக்கும் நண்பன் ராமநாதன். இந்த வேஷத்தின் விசேஷம், அவன் எதிரி இல்லை என்பது. கூட உட்கார்ந்து சிரித்துப் பேசுகிறவன், தன்னை விவரமானவன் என்று நினைக்கிறவன். வசனம் புரியாத டைரக்டருக்கு முன்னால் இப்படி ஒருத்தனை நடித்துக் காட்ட வேண்டுமானால் முகமும் தோளும் நடையும்தான் பேச வேண்டும். நாடகக்காரர்களுக்கு அது கைவந்த வேலை. அடுத்த ஆண்டே அதே டங்கன் ‘அம்பிகாபதி’ எடுத்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரின் பாட்டுக்காகக் கூட்டம் அள்ளிய படம் அது. அதில் பாலையா ருத்ரசேனன், சோழனின் சேனாபதி. இளவரசி அமராவதி தனக்குத்தான் என்று முடிவுகட்டிக்கொண்டவன். கவிஞன் அம்பிகாபதியை அவள் காதலிக்கிறாள் என்று தெரிந்ததும் அவனுக்கு வருவது காதல் தோல்வியின் துக்கம் இல்லை, பட்டத்துக்கும் பதவிக்கும் விழுந்த அடி. கம்பன் மகனோடு அவன் போடும் சண்டைக்கெல்லாம் அடியில் இருப்பது அதுதான்.

மற்ற வில்லன்களோடு சேர்த்துப் பார்த்தால் இது தெளிவாகும். பி.எஸ். வீரப்பாவுக்கு அந்த அதிர்வேட்டுச் சிரிப்பு. நம்பியாருக்குக் கண்ணும், ஒன்றோடொன்று உரசும் கையும். எம்.ஆர். ராதாவுக்கு உயர்ந்தும் தாழ்ந்தும் ஓடும் குரல். இவர்கள் திரையில் தெரிந்ததுமே ஆபத்து வந்துவிட்டது என்று தெரியும். பாலையாவின் ஆயுதம் ஓர் இழுப்பு. சொல்லின் கடைசி எழுத்தைச் சற்று நீட்டி, அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். தான் சொல்வதைத் தானே ரசிக்கும் ஒருவருடைய பேச்சு அது. அந்த இழுப்பில் மிரட்டலும் உண்டு, கேலிக்கு இடமும் உண்டு. எந்த நேரத்திலும் அவர் ஏமாறலாம் என்று நமக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். வீரப்பா விஷயத்தில் அப்படித் தோன்றவே தோன்றாது.

வயசானதால் நகைச்சுவைக்கு வந்தார் என்ற வாதத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். ‘காதலிக்க நேரமில்லை’ வெளிவந்தபோது பாலையாவுக்கு ஐம்பது நிறையவில்லை. அதைவிடப் பெரிய ஆதாரம் ஐம்பதுகளின் படங்கள். 1954-ல் வந்த ‘தூக்குத் தூக்கி’யில் அவர் ஒரு சேட்டு. சிவாஜி கணேசன் நடித்த இளவரசனின் மனைவியோடு கள்ளத்தொடர்பு வைத்திருக்கும் ஆள். கதைப்படி முழு வில்லன். ஆனால் தமிழை ‘நம்பள், நிம்பள்’ என்று உடைத்து உடைத்துப் பேசி அவர் அடித்த கூத்தில் தியேட்டர் சிரித்தது. இரண்டு வருஷம் கழித்து ‘மதுரை வீரன்’. பொம்மியை மணக்கத் துடிக்கும் நரசப்பன். வீரன் அவளைக் கொண்டுபோனதும் இவன் கறுவுகிறான், பகையைச் சுமந்துகொண்டு அலைகிறான், உயிரையே வாங்கப் பார்க்கிறான். ஆனாலும் அவன் நெஞ்சை நிமிர்த்தும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது. கதைக்கு வில்லனாகவும் பார்க்கிறவர்களுக்குக் கோமாளியாகவும் ஒரே நேரத்தில் இருக்க அவரால் முடிந்தது. அப்புறம் மறுபக்கம்: ‘காதலிக்க நேரமில்லை’க்கு அடுத்த வருஷம், நகைச்சுவைக்காரர் என்று பெயர் வாங்கியான பிறகு, ‘திருவிளையாடல்’ படத்தில் ஹேமநாத பாகவதராக வந்து ஒரு நாட்டையே அடிமை கொள்ளப் பார்த்தார். இரண்டு பாலையாக்களும் ஒருவர் போய் ஒருவர் வந்தவர்கள் இல்லை. எப்போதும் சேர்ந்தே இருந்தவர்கள்.

‘காதலிக்க நேரமில்லை’ ஸ்ரீதர் இயக்கிய வண்ணப்படம். பாலையா அதில் சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன். இரண்டு மகள்களுக்கும் பணக்கார மாப்பிள்ளை பார்க்க வேண்டும். மகன் செல்லப்பாவோ ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று படக்கம்பெனி நடத்தப்போகிறேன் என்று பணம் கேட்டு அரிக்கிறான். எஸ்டேட்டில் வேலை பார்த்த அசோக் என்ற பையனை விஸ்வநாதன் துரத்திவிடுகிறார். அவன் வீட்டுக்கு எதிரிலேயே கூடாரம் போட்டு மறியல் செய்கிறான். அப்புறம்தான் அந்தப் பையன் ஒரு கோடீஸ்வரரின் மகன் என்று (பொய்யாகத்தான்) தெரியவருகிறது. அந்த ‘அப்பா’வின் முன்னால் நின்று பாலையா விசாரிக்கும்போது, நேற்றுவரை ‘அவன்’ ஆக இருந்த அசோக் ‘அசோகர்’ ஆகிறான், மகன் ‘மகர்’ ஆகிறான். தமிழில் ஒரு ‘ர்’ விகுதி போதும், ஆளை உயர்த்திவிடலாம். ஆனால் மகன் என்ற சொல் அந்த ‘ர்’ விகுதியை ஏற்காது. இலக்கணத்தில் இல்லாத மரியாதையைப் பணத்துக்காக உண்டாக்கிக் கொடுக்கும் அந்தக் குழைவில், ருத்ரசேனனின் திமிர் தலைகீழாக நிற்கிறது. கீழே இருப்பவனிடம் மிதப்பு, மேலே இருப்பவனிடம் குழைவு: இரண்டும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள் என்று அறுபது வருஷம் முன்பே நடித்துக்காட்டிவிட்டார். கேட்டுச் சிரித்தவர்களில் கணிசமானவர்கள் மறுநாள் ஆபீசில் அதே குழைவைச் செய்திருப்பார்கள் என்பதும் சிரிப்புக்கு ஒரு காரணம்.

அதே படத்தில், தமிழ்நாட்டில் தொலைக்காட்சி வைத்திருக்கும் எவரும் தப்பித்திருக்க முடியாத காட்சி ஒன்று உண்டு. செல்லப்பா தன் திகில் படத்தின் கதையை அப்பாவுக்குச் சொல்கிறான். சொல்கிறவர் நாகேஷ், கதவு கிறீச்சிடுவது முதல் எல்லாச் சத்தமும் அவர் வாயிலிருந்துதான் வருகிறது. பாலையா நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறார், அவ்வளவுதான். ஆரம்பத்தில் அவர் முகத்தில் ஒரு முதலாளி இருக்கிறார்: உதவாக்கரைப் பிள்ளையின் பேத்தலுக்குக் காது கொடுக்கும் பெருந்தன்மை. கொஞ்ச நேரத்தில் கதைக்குள் போகாத மாதிரி இருந்துகொண்டே போய்விடுகிறார். கண் பெரிதாகிறது, உடம்பு நாற்காலிக்குள் ஒடுங்குகிறது, மூச்சு தொண்டையில் சிக்கி ஒரு ஒலியாக வெளியே வருகிறது. முதலாளி மெல்லக் கரைந்து, இருட்டுக்குப் பயப்படும் ஒரு குழந்தை மிச்சமாக உட்கார்ந்திருக்கிறது. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. பெருமிதம், அச்சம், நகை மூன்றும் அந்த எட்டுக்குள் வருபவை. இந்தக் காட்சியில் நடிகர் பெருமிதத்தில் தொடங்கி அச்சத்தில் போய் முடிகிறார். நகை மட்டும் பார்க்கிறவர்களிடம் நிகழ்கிறது. பாலையா சிரிக்கவைக்க முயலவே இல்லை, நிஜமாகவே பயப்படுகிறார். பெருமிதம் இல்லாமல் நேராக அச்சத்திலிருந்து தொடங்கியிருந்தால் இது பத்தோடு பதினொன்றான பயந்தாங்கொள்ளிக் காட்சியாகப் போயிருக்கும்.

இங்கே ஓர் எதிர்வாதம் வரும், நியாயமானதும்கூட. அந்தக் காட்சியை யோசித்தவர்கள் ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும், நடத்தியவர் நாகேஷ், பாலையா எதிரே உட்கார்ந்ததற்கா இவ்வளவு பாராட்டு? எழுத்தும் இயக்கமும் இல்லாமல் எந்த நடிகரும் இல்லை, சரி. ஆனால் எழுத்து கொடுப்பது பேச்சை. இந்தக் காட்சியின் பேச்சு மொத்தமும் நாகேஷுக்குப் போய்விட்டது. பாலையாவுக்கு மிஞ்சியது கேட்பது, அதைக் காகிதத்தில் எழுதிக்கொடுக்க முடியாது. எதிரே இருப்பவர் பயப்படாவிட்டால் நாகேஷ் வாயால் எழுப்பும் சத்தம் வெறும் மிமிக்ரி. கதைசொல்லி வெற்றி பெற்றான் என்று நமக்குச் சாட்சி சொல்வது பாலையாவின் முகம்தான். பக்கவாத்தியம் தப்பினால் பாட்டு என்ன ஆகும் என்று கச்சேரி கேட்பவர்களுக்குத் தெரியும்.

ஹேமநாத பாகவதரையும் கேட்கும் நடிகராகவே பாருங்கள். பாண்டியன் சபையில் அவர் பாடும்போது குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது. அந்தக் குரலின் பிருகாக்களுக்குத் தொண்டையையும் தலையையும் கையையும் பாலையா ஒப்புக்கொடுக்கும் விதத்தில், இந்தக் குரல் இந்த உடம்பில் பிறந்ததில்லை என்ற எண்ணமே வருவதில்லை. பாட்டைவிடவும், பாடி முடித்துவிட்டுச் சபையைச் சுற்றிப் பார்க்கும் பார்வை இன்னும் பெரியது. போட்டிக்கு ஆள் இல்லாவிட்டால் நாடே தனக்கு அடிமை என்று சொல்லிவிட்டுப் போகிறார். அன்று ராத்திரி அவர் தங்கியிருக்கும் வீட்டுத் திண்ணையில் ஒரு விறகுவெட்டி பாடுகிறான். பாடுவது சிவபெருமான் என்று நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. இசை தெரிந்தவர் என்பதால்தான் அந்தப் பாட்டு அவரை வீழ்த்துகிறது. இசை தெரியாத ஒரு மிதப்புக்காரன் தூக்கம் கெட்டது என்று திட்டிவிட்டுப் போயிருப்பான். தன்னோடு போட்டிக்கு நிற்க வேண்டிய பாணர் சேர்த்துக்கொள்ளாமல் தள்ளிய ஆள் தான் என்று விறகுவெட்டி சொல்லும்போது, தள்ளப்பட்டவனே இப்படிப் பாடினால் பாணர் எப்படிப் பாடுவார் என்று கணக்குப் போடுகிறார் பாலையா. கணக்கு முடிவதற்குள் முகம் விழுந்துவிடுகிறது. விடிவதற்குள் ஊரைவிட்டே ஓடுகிறார். வில்லன் தண்டிக்கப்படவில்லை, தன் அளவைத் தெரிந்துகொண்டு போகிறான். மேலச்சேரிப் பக்கத்துப் படுகளத்தில் ஒப்பாரி வைக்கிறவர்களுக்கு இந்த முடிவின் நியாயம் உடனே பிடிபடும்.

நாடகத்தனம், மிகைநடிப்பு என்ற குற்றச்சாட்டும் உண்டு. பழைய படங்களில் சிலவற்றைப் பொறுத்தவரை அதை மறுக்க முடியாது. படப்பிடிப்பிலேயே ஒலியைப் பதிந்த காலம். ஒரு மைக்குக்குள் குரலை எட்டவைக்க வேண்டும், அதற்கு முன்னால் கொட்டகையின் கடைசி வரிசைவரை எட்டவைத்துப் பழகிய தொண்டை. அந்தத் தலைமுறையே உரக்கப் பேசியது. ஆனால் மிகை என்பது நடிகரின் குறையா, பாத்திரத்தின் குணமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மிதப்புள்ள மனிதர் நிஜ வாழ்க்கையிலேயே சற்று மிகையாகத்தான் பேசுகிறார். ஊரில் நாலு பேரைக் கவனித்தால் தெரிந்துவிடும். பாலையா தேர்ந்துகொண்ட ஆளே, தன் வாழ்க்கையில் தினமும் நடித்துக்கொண்டிருக்கும் ஆள். வேஷம் கலையும் நொடியில் அவர் எவ்வளவு சிக்கனமாகிவிடுகிறார் என்பதைப் பார்த்தால், முன்னே செய்த மிகை தெரிந்தே செய்தது என்று புரியும். 1967-ன் ‘ஊட்டி வரை உறவு’ இதற்கு நல்ல சான்று. ஊருக்குப் பெரிய மனிதர். பழைய ரகசியம் ஒன்றின் வழியில் ஒரு பெண் வந்து உங்கள் மகள் என்று நிற்கிறாள். குடும்பத்தின் முன் தோரணை, அறைக்குள் நடுக்கம். ஒரே ஆள் கதவைத் தாண்டும்போது குரலின் கனம் பாதியாகிவிடுகிறது.

என் வாதத்துக்கு அடங்காத பாத்திரங்களும் உண்டு. 1949-ல் அண்ணாவின் கதையில் வந்த ‘வேலைக்காரி’யில் அவர் மணி, கே.ஆர். ராமசாமி நடித்த ஆனந்தனின் நண்பன். பழிவாங்கத் துடிக்கிறவனைத் தடுத்து, அறிவால் வெல்லச் சொல்லும் ஆள். அங்கே மிதப்பு இல்லை, தெளிவு இருக்கிறது. முதல் படத்தில் நண்பனைக் கெடுத்தவரே இங்கே நண்பனைத் திருத்துகிறார் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். அதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். ‘பாகப்பிரிவினை’யின் அண்ணன் வேஷமும் அப்படித்தான். எஸ்.வி. சுப்பையா தம்பி, இவர் அண்ணன். குடும்பம் உடைவதைத் தடுக்க முடியாத மூத்தவர். ‘பாமா விஜயம்’ படத்தில் மூன்று மகன்களின் அப்பாவாக, பகட்டில் மயங்கிய மகன்களையும் மருமகள்களையும் வழிக்குக் கொண்டுவருகிறார். மிதப்பு மொத்தமும் மற்றவர்களுக்குப் போய்விட, அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளும் பொறுப்பு இவருக்கு. அந்த நோயை உள்ளிருந்து நடித்துப் பழகியவர் என்பதால்தான் கே. பாலசந்தர் கொடுத்த வைத்தியர் வேஷம் இவ்வளவு பொருந்தியது என்று எனக்குத் தோன்றுகிறது. இதை நிரூபிக்க முடியாது. படத்தைப் பார்ப்பவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

‘தில்லானா மோகனாம்பாள்’ முத்துராக்குவைக் கடைசிக்கு வைத்திருந்தேன். கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய தொடரை ஏ.பி. நாகராஜன் 1968-ல் படமாக எடுத்தார். விழுப்புரத்தில் பிறந்த கணேசன் அதில் நாதஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரம். எரிமலை மாதிரி ஆள். மரியாதை ஒரு நூல் குறைந்தாலும் கச்சேரியை நிறுத்திவிட்டு எழுந்து போகிறவர். அவருக்குத் தவில் வாசிக்கும் முத்துராக்கு பாலையா. படத்தின் மிதப்பு முழுவதும் இந்தத் தடவை சிவாஜியிடம் இருக்கிறது. பாலையா தன் பங்கையும் அவரிடமே கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்: சண்முகசுந்தரம் வாசித்தால் இவர் முகம் பூரிக்கிறது, சண்முகசுந்தரத்துக்கு அவமானம் என்றால் இவர் மீசை துடிக்கிறது. காயம்பட்ட கையோடு சண்முகசுந்தரம் வாசிக்க, எதிரே மோகனா ஆட்டத்திலேயே நலம் விசாரிக்கும் அந்தப் பாட்டில், கேமரா காதலர்கள் இரண்டு பேரைத்தான் தேடுகிறது. நாதஸ்வரத்தின் ஒலி மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது, நடனம் பத்மினியுடையது, முகத்தின் வேதனை சிவாஜியுடையது. பக்கத்தில் தவிலோடு ஒரு பெரியவர், கை தாளத்தை விடாமல், கண் மட்டும் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் போய்வந்துகொண்டு. ருத்ரசேனனாக இருந்தபோது இவரால் பொறுக்க முடியாமல் போனது, தன் கண்முன்னால் இரண்டு பேர் காதலிப்பதைத்தான். முப்பத்தொரு வருஷம் கழித்து அதே மனிதர் அதைப் பார்த்துக் கண்கலங்கித் தாளம் போடுகிறார்.

1972 ஜூலையில் அவர் இறந்தபோது ஐம்பத்தெட்டு வயசுகூட நிறையவில்லை. நமக்கு நினைவில் இருக்கும் அந்தக் கிழவர்கள் அத்தனை பேரும் ஒரு நடுவயசுக்காரர் போட்ட வேஷம்.